புரிந்தது என்று சொன்னவர்

சாஆ,
12 ஜனவரி 2025

அன்புள்ள பிரேமி,

நான் அனுப்பும் வாட்ஸ்அப் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. என்னைத் தடுத்துவிட்டாய் என்று புரிகிறது. போனையும் எடுப்பதில்லை. தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் வேலை விஷயம். பல்கலைக்கழக அலுவலகத்தில் விசாரித்தேன். நம்மைப் போல ஆய்வேடு எழுதாமல், பாடங்களை மட்டும் படித்து முடித்தவர்களுக்கு இந்த முழுத்தேர்வுதான் கடைசிக் கதவு. நான்கு தாளிலும் தேற வேண்டும். தவறிய தாளை இன்னும் ஒரே ஒரு முறை எழுதலாம். அது ஜூன் மாதம். நமக்குக் கொடுத்த காலமும் அதோடு முடிகிறது. அப்போதும் தவறினால் கணினி அறிவியலில் முதுகலைப் பட்டம் கிடையாது. இன்னின்ன பாடங்களைப் படித்தார் என்று ஒரு சான்றிதழ் தருவார்களாம். "அதுவும் நல்ல சான்றிதழ்தான், மக்சிக்" என்று அங்கிருந்த மலாய்ப் பெண் என்னை அத்தையாக்கி ஆறுதல் வேறு சொன்னாள்.

நம் முடிவை நினைத்தால் சிரிப்புக்கூட வருகிறது. அல்காரிதமும் கணிப்பியல் கோட்பாடும் என் பாதி. ஆபரேட்டிங் சிஸ்டமும் டேட்டாபேஸும் உன் பாதி. ஆளுக்குப் பாதி படித்து மற்றவளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று பிரித்துக்கொண்டோம். நான் சொல்லிக்கொடுத்த இரண்டில் நீ விழுந்தாய். நீ சொல்லிக்கொடுத்த இரண்டில் நான் விழுந்தேன். ஓய்வுபெற்ற இரண்டு கணக்கு ஆசிரியைகளுக்கு இதைவிட நல்ல மதிப்பீடு யார் தர முடியும்?

வெள்ளிக்கிழமை உன் வீட்டில் தங்கி, சனிக்கிழமை செடெனாக்கிலிருந்து ஸ்கூடாய் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியெல்லாம் காரில் பாடம் நடத்தினோமே, அங்கேதான் தவறு. ஒவ்வொன்றையும் முடித்ததும் "அண்ணே, புரிஞ்சதா?" என்று காரோட்டும் உன் வீட்டுக்காரரைக் கேட்போம். கணினியைத் தொடாதவருக்கே புரிந்துவிட்டால் நமக்குப் புரிந்த மாதிரிதான் என்று ஒரு கணக்கு. அவரும் தலையாட்டி, "புரிஞ்சது, அடுத்தது போங்க" என்பார். நாமும் அடுத்ததற்குப் போனோம்.

முடிவு வந்த அன்று நான் பேசியது கோபத்தில் பேசியது. அண்ணனும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதைப் பெரிதாக்காதே.

பேசப் பிடிக்கவில்லை என்றால் எழுதுவோம். என் பாதியை நான் எழுதி அனுப்புகிறேன், உன் பாதியை நீ அனுப்பு. ஜூன் தூரத்தில் இல்லை.

உன்,
டோரிஸ்


செடெனாக்,
2 பிப்ரவரி 2025

டோரிஸ் டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

அவர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். செம்பனை எண்ணெய் லாரி ஓட்டியே தலை நரைத்தவர். சாலையில் யார் திட்டினாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நீங்கள் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

நீங்கள் சொன்னதை நீங்களே எழுதவில்லை, நான் எழுதுகிறேன். "தலையாட்டுறதுக்கு ஒரு பொம்மைய வாங்கி முன்னால ஒட்டி வெச்சிருந்தாலே போதுமே, இவரு எதுக்கு?" என்றீர்கள். அவர் காதில் விழும்படி, அவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு. பஸ் நிலையத்தில் உங்கள் பையைத் தூக்கிக் கொடுத்து, "பாத்துப் போங்க டீச்சர்" என்றுதான் அனுப்பினார். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "என்னாலதான் நீங்க ரெண்டு பேரும் ஃபெயிலா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. காருக்கு உறை போட்டுவிட்டார். மார்க்கெட்டுக்குக்கூட மோட்டார் சைக்கிளில்தான் போகிறார்.

டீச்சர், எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம்! "புரிஞ்சது டீச்சர்" என்று பெரிதாகத் தலையாட்டுவான், நோட்டைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. நம் மனம் நோகக்கூடாது என்று ஆட்டுவான், சீக்கிரம் மணி அடிக்கட்டும் என்று ஆட்டுவான். அதைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் ஆசிரியர். ஒரு லாரி டிரைவரின் தலையாட்டலை நம்பிவிட்டு அவரையே குற்றம் சொன்னது எந்தப் பள்ளிக்கூடத்து நியாயம்?

நான் தனியாகப் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிரேமலா ராஜசேகரன்

பி.கு.: தன்னையே மறுபடி மறுபடி அழைத்துக்கொள்ளும் அந்த ரிக்கர்ஷனில் கேள்வி உள்ளே உள்ளே போவது தெரிகிறது. விடை எப்படித் திரும்பி வருகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. இதற்காக நீங்கள் எழுத வேண்டும் என்று இல்லை.


சாஆ,
9 மார்ச் 2025

பிரேமி,

லோஷினி செய்தி அனுப்பினாள். அம்மாவுக்குத் தெரியவேண்டாம் ஆன்ட்டி என்று கேட்டுக்கொண்டாள். உன் மகளைத் திட்டாதே. அப்பாவுக்குப் பக்கவாதம் என்றால் அவளும் யாரிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும்?

வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்கு வந்தேன். வார்டு வாசல்வரை வந்துவிட்டேன். நீ கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாய். பாதி உள்ளே போயிற்று, பாதி வாயோரம் வழிந்தது. நீ துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தாய். அண்ணன் உன்னைப் பார்த்துத் தலையாட்டினார், போதும் என்றோ நல்லாயிருக்கு என்றோ. அதைப் பார்த்த பிறகு உள்ளே வர எனக்குக் கால் வரவில்லை. கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். யார் கொடுத்தது என்று சொல்லியிருக்கமாட்டாள்.

கீழே மருந்து வாங்கும் கவுன்டர் முன்னால் பெரிய வரிசை. அதைப் பார்த்ததும் உன் பி.கு. நினைவுக்கு வந்தது. கேள்.

நீ அந்த வரிசையில் நிற்கிறாய். உனக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரியவேண்டும். எட்டிப் பார்க்க முடியாது. முன்னால் நிற்பவரிடம், "உங்களுக்கு முன்னால எத்தனை பேரு?" என்று கேட்கிறாய். அவருக்கும் தெரியாது. அவர் தனக்கு முன்னால் நிற்பவரிடம் அதே கேள்வியைக் கேட்கிறார். அவர் இன்னொருவரிடம். கேள்வி போய்க்கொண்டே இருக்கிறது. கவுன்டரை ஒட்டி நிற்பவர் சொல்கிறார்: "எனக்கு முன்னால யாரும் இல்ல." உடனே அவருக்குப் பின்னால் நிற்பவர் ஒன்று கூட்டி, "ஒருத்தர்" என்கிறார். அவருக்குப் பின்னால் நிற்பவர் இன்னொன்று கூட்டி, "ரெண்டு பேர்." இப்படி விடை ஆள் ஆளாக நடந்து உன்னிடம் வந்து சேர்கிறது.

"யாரும் இல்லை" என்று சொல்ல ஓர் ஆள் கட்டாயம் வேண்டும், பிரேமி. அவர் இல்லாவிட்டால் கேள்விக்கு முடிவே கிடையாது.

அண்ணனுக்காக ஜெபிக்கிறேன். பதில் எழுதாவிட்டாலும் பாடம் அனுப்புவேன்.

டோரிஸ்


செடெனாக்,
6 ஏப்ரல் 2025

டோரிஸ்,

நல்ல பழங்கள். கொடுத்தது யார் என்று நர்ஸ் சொல்லவில்லைதான். "கண்ணாடி போட்ட, குள்ளமான மக்சிக், அழுதுகிட்டே போனாங்க" என்றாள். அது போதாதா?

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வலது கை, வலது கால் இரண்டும் வேலை செய்யவில்லை. பேச்சும் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். லோஷினி வேலைக்குச் சிங்கப்பூர் போன பிறகு நானும் அவரும் மட்டும்தான். போன வாரம், பொழுது போகட்டும் என்று உன் கடிதத்தை எடுத்து அந்த வரிசைப் பாடத்தைச் சத்தமாகப் படித்தேன். முடித்துவிட்டுப் பழைய பழக்கத்தில், "புரிஞ்சதா?" என்று கேட்டுவிட்டேன்.

"புரியல" என்றார்.

தெளிவாகச் சொன்னார் டோரிஸ். மூன்று வருடம் காரில் ஒருநாளும் வாயில் வராத சொல். நான் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் வாசலில் இருந்த செருப்புகளையெல்லாம் எடுத்துவந்து அவர் கட்டிலுக்கு எதிரே வரிசையாக வைத்தேன். இது முன்னால் நிற்பவர், இது அவருக்கு முன்னால் நிற்பவர் என்று காட்டினேன். "புரியல." மறுபடி முதலிலிருந்து சொன்னேன். "புரியல." மூன்றாவது முறை சொல்லும்போதுதான் என் ஓட்டை எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு செருப்பும் தன் கேள்வியை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. பதில் வந்தால்தான் அது தன் ஒன்றைக் கூட்ட முடியும். நான் இதுவரை கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்! அன்று காரில் தலையாட்டியது அவர் மட்டுமா? நானும்தான் ஆட்டியிருக்கிறேன்.

வார இறுதியில் வந்த லோஷினிக்கு இது பிடிக்கவில்லை. "அம்மா, அவரு அர்த்தத்தோட சொல்லலம்மா. தண்ணி வேணுமான்னாலும் அதத்தான் சொல்றாரு" என்கிறாள். மூளையில் ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்று டாக்டரும் சொன்னார். இருக்கட்டும். எனக்கு அந்தச் சொல் போதும். தினமும் ஒரு பாடம் நடக்கிறது.

இனி உனக்கான பாடம், டெட்லாக்: யாரும் நகர முடியாத முட்டுக்கட்டை. ஒரே குளியலறை, இரண்டு பேர். ஒருத்தி கையில் வாளி, இன்னொருத்தி கையில் சோப்பு. குளிக்க இரண்டும் வேண்டும். 'நீ சோப்பைக் கொடு, அப்புறம் வாளி தருகிறேன்' என்று இவள். 'நீ வாளியைக் கொடு, அப்புறம் சோப்பு தருகிறேன்' என்று அவள். பிடுங்கவும் கூடாது. இரண்டு பேரும் அழுக்கோடு நிற்கவேண்டியதுதான். மற்றதைத் தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன்.

பிரேமி


சாஆ,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள பிரேமி,

'நீ' என்று எழுதிவிட்டாய். இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் டெட்லாக்குக்குப் போனேன். அந்த வாளிக்காரியும் சோப்புக்காரியும் யார் என்று கேட்கமாட்டேன். தேர்வில் அது வராது.

கடினக் கணக்குகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நம் பள்ளியில் ஆண்டுக்கு ஆண்டு நேர அட்டவணை போடுவோமே. எந்த ஆசிரியரும் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்கக்கூடாது, ஆய்வுக்கூடம் மோதக்கூடாது. டிசம்பர் விடுமுறையே அதில் போய்விடும். ஆனால் போட்டு முடித்த அட்டவணையை யாராவது நீட்டினால், சரியா தப்பா என்று ஒரு கோப்பி குடிப்பதற்குள் சொல்லிவிடுவோம். கண்டுபிடிப்பது கடினம், சரிபார்ப்பது சுலபம். அந்த வகைக் கணக்குகளுக்குத்தான் அத்தியாயம் முழுவதும் பெயர் வைத்திருக்கிறார்கள். அண்ணனிடம் சொல்லிப் பார், அவர் 'புரியல' என்றால் எங்கே இடிக்கிறது என்று எனக்கு எழுது.

உன்மேல் எனக்குப் பொறாமை. நீ அனுப்பும் பாடங்களை இங்கே என் தம்பி செபஸ்தியனிடம் சொல்லிப் பார்க்கிறேன். "ஆமாக்கா, ஆமாக்கா" என்று பந்தாட்டம் பார்க்கிறான். டேட்டாபேஸில் அட்டவணைகளைப் பிரிக்கும் பகுதி வாசிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். கீழே உள்ளதை அண்ணனுக்குப் படித்துக்காட்டு.

'அண்ணே, அன்னிக்கு நான் பேசினது பெரிய தப்பு. நாங்க ஃபெயிலானது எங்களாலதான். நீங்க ஓட்டினதாலதான் நாங்க அவ்வளவு தூரம் வந்தோம். என்ன மன்னிச்சிருங்க.'

அவர் என்ன சொன்னார் என்று எழுது. நேரில் வரலாம் என்றால் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுவேன்.

டோரிஸ்


செடெனாக்,
25 மே 2025

டோரிஸ்,

சுடுகாட்டுக்குப் புறப்படும்வரை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இருந்தது. அதை அன்று சொல்ல முடியவில்லை. போனிலும் சொல்ல வரவில்லை.

உன் நான்கு வரியை வாசித்துக்காட்டினேன். அவர் இறந்ததற்கு முந்தின நாள் சாயந்தரம். அதற்கு முன்னாலேயே படித்திருக்கலாம். உடம்பு கொஞ்சம் தேறட்டும், நல்ல நாளாகப் பார்த்துப் படிக்கலாம் என்று வைத்திருந்துவிட்டேன். நிதானமாகப் படித்துவிட்டு, "டோரிஸ் டீச்சர் மன்னிப்புக் கேக்கறாங்க, புரிஞ்சதா?" என்றேன்.

"புரியல" என்றார்.

மறுபடி படித்தேன். "புரியல." இடது பக்க உதடு லேசாக மேலே போன மாதிரி இருந்தது. சிரித்தாரா, நோய் இழுத்ததா, எனக்குத் தெரியவில்லை டோரிஸ். நாலு வரிகூடப் புரியாமல் போய்விட்டாரா, இல்லை 'மன்னிக்க என்ன இருக்கு' என்று விளையாடினாரா? உனக்கு நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ நினைத்தேன். பொய் எழுத மனம் வரவில்லை. "சரி, நாளைக்கு மறுபடி சொல்லித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டேன். விடிந்தபோது அவர் இல்லை.

நான் தேர்வு எழுதப்போவதில்லை. என் முதல் தாள் ஜூன் நான்கு. பதினாறாம் நாளும் அன்றுதான். பதினாறு முடியாமல் வாசற்படி தாண்டக்கூடாது என்று பெரிய நாத்தனார் அங்கம்மா சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குப் போக மனமில்லை. யாரிடம் வந்து சொல்ல?

நீ நன்றாக எழுது.

பிரேமி


சாஆ,
28 மே 2025

என் பிரேமி,

நீ பொய் எழுதாததற்கு நன்றி. அந்தப் பதிலை நான் அப்படியே வைத்துக்கொள்கிறேன். எனக்கு அதுதான் கிடைக்கவேண்டியது.

அலுவலகத்தில் மறுபடி கேட்டேன். இறப்புச் சான்றிதழ் கொடுத்தால் தேர்வைத் தள்ளி வைப்பார்களாம், ஆனால் நம் காலம் இந்தப் பருவத்தோடு முடிவதால் தள்ளிவைக்க அடுத்த பருவமே நமக்கு இல்லை. ஜூன் நான்கு விட்டால் அவ்வளவுதான்.

நீ திட்டினாலும் சரி என்று அங்கம்மா அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "பரீட்சை பகல் ரெண்டு மணிக்குத்தானே? காரியம் காலையிலயே முடிஞ்சிரும். முடிஞ்சதுக்கு அப்புறம் அவ எங்க போனா எனக்கென்ன? என் தம்பி அந்தக் காரத் தொடச்சுத் தொடச்சு வெச்சது யாருக்கு? ஆனா டீச்சர், படையல் சோறு சாப்பிட்டுட்டுத்தான் போகணும். பரீட்சை, அது இதுன்னு வெறும் வயித்தோட ஓடுனா நான் சும்மா விடமாட்டேன், சொல்லிருங்க."

சொல்லிவிட்டேன்.

என் இரண்டு தாளும் முந்தின நாளே முடிந்துவிடும். நான்காம் தேதி காலை உன் வீட்டில் இருப்பேன். காரின் உறையை எடுத்து வை. நான் ஓட்டுகிறேன். ஸ்கூடாய் நெரிசலில் ஓட்ட எனக்குப் பயம் என்று உனக்குத் தெரியும். இருக்கட்டும். நீ எழுதி முடிக்கும்வரை அண்ணன் காத்திருந்த அதே மரத்தடியில் காத்திருப்பேன்.

நீ வரவில்லை என்று முடிவு செய்தால் சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவேன். ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

டோரிஸ்


செடெனாக்,
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள டோரிஸ்,

'வாழ்த்துகள் பிரேமி. டேட்டாபேஸ் என்னைக் கைவிட்டுவிட்டது.' நீ அனுப்பிய செய்தி இவ்வளவுதான். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. இப்போது நான் தபால்காரரை நம்பவேண்டியிருக்கிறது.

நான் தேறிவிட்டேன் என்று யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. லோஷினி மட்டும் கேக் வாங்கி வந்தாள். ஒரு துண்டு வெட்டி அவர் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அந்த நாளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பழக்கத்தில் நான் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். முன்னால் வா என்று நீயும் சொல்லவில்லை. கூலாய் தாண்டும்வரை வரிசைப் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். முடித்துவிட்டு, "புரிஞ்சதா?" என்று கேட்டுவிட்டேன். நீ சிக்னல் போட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினாய். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். தேர்வில் ரிக்கர்ஷன் வந்தது. எல்லாம் எழுதிவிட்டேன். 'முன்னால் யாரும் இல்லை' என்று ஒருவர் சொல்லும் இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. பிறகு எழுதினேன்.

உனக்குச் சொல்லித்தந்தது நான். நீ தவறியதில் என் பங்கும் இருக்கிறது. அட்டவணைகளைப் பிரிக்கும் பகுதியை உனக்கு நான் புத்தகத்தில் இருந்தபடியே எழுதி அனுப்பியிருக்கிறேன். எனக்கு அது முன்னமே தெரிந்த பாடம், அதனால் அவரிடம்கூட அதைச் சொல்லிப் பார்க்கவில்லை. 'புரியல' என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. இப்போது ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருக்கிறது. தேர்வு முடிந்துபோனால் என்ன, பாடம் பாக்கி இருக்கிறதே.

ஒரு மனிதரைப் பற்றிய ஒரே செய்தியைப் பல இடத்தில் எழுதி வைத்தால் என்ன ஆகும்? பதிவு இலாகாவில் அவர் இறந்துவிட்டார். சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. மருத்துவமனையில் அவர் இறக்கவில்லை. உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு வரச் சொல்லி மாதாமாதம் செய்தி வருகிறது. தண்ணீர் பில்லில் அவர் இருக்கிறார். கோயில் உபய நோட்டீஸில் இருக்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கார் காப்புறுதிப் பெண், "ராஜசேகரன் சார் இருக்காரா?" என்று போன் செய்கிறாள். ஓரிடத்தில் அழித்தோம்; மற்ற இடங்களில் அவர் பாட்டுக்கு இருக்கிறார். எது உண்மை என்று அந்தக் காகிதங்களை மட்டும் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் ஒரு செய்தியை ஒரே இடத்தில் வை, மற்ற இடங்கள் எல்லாம் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினால் போதும் என்கிறார்கள். பாடம் இவ்வளவுதான்.

நான் மட்டும் அந்தப் பெண்ணிடம், "இப்ப வீட்ல இல்ல" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். எல்லா இடத்திலும் அழித்துவிட எனக்கு அவசரமில்லை.

பட்டமளிப்பு அக்டோபரில். நீ இல்லாமல் போக எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று பக்கத்துக்குப் படமும் அட்டவணையும் வரைந்து வைத்திருக்கிறேன். படித்துவிட்டு எழுது. தலையாட்டாதே.

பிரேமி


சாஆ,
17 ஆகஸ்ட் 2025

பிரேமி,

மூன்று பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன்.

புரியல.

சனிக்கிழமை வருகிறேன்.

டோரிஸ்